கேரவனை எதில் கட்டி இழுப்பது

“அப்பா, ஒரு வண்டிய இழுக்கணும்னா அதுக்கு முன்னால என்ன வண்டி நிக்கணும்?” என்று மகள் ஏற்காட்டிலிருந்து போனில் கேட்டாள். மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் வீட்டு வாசலில் நான் கார் கழுவிக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் ஈப்போவுக்கும் பினாங்குத் துறைமுகத்துக்கும் நடுவே ட்ரெய்லர் லாரி ஓட்டியவனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால், போனிலா பதில் சொல்லிவிட்டுப் போவான்? அடுத்த வாரம் சேலம் பஸ் நிலையத்தில் நின்று தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சேலத்துத் தட்டுவடை செட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவலும் இரண்டு நிறச் சட்னியும் வைத்து, ஒன்று முடிவதற்குள் அடுத்ததைக் கையில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். போதும் என்று நாம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. மலை ஏறப் போகிறவன் செய்கிற காரியமா அது?

ஏற்காட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏழாவது வளைவு வரை ஜன்னல் வழியாகச் சேலத்தை ரசித்தேன். எட்டாவதில் தட்டுவடையின் ஞாபகம் வந்தது. பக்கத்து சீட்டில் மடியில் சேவலை வைத்திருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, வெளிய பாக்காதீங்க. டிரைவரு முதுகையே பாருங்க. அவரு திரும்பறப்ப நீங்களும் திரும்புங்க, ஒண்ணும் ஆவாது,” என்றார். அப்படியே செய்தேன். சேவலும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையிலும் வளைவுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஆளுக்கொரு காரில் போகிறோம். வாந்தி வந்தாலும் தனியாகத்தான் எடுக்க வேண்டும். இங்கே இன்னொன்றும் பிடித்தது. மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிடுகிறது. ஒரு கார்க்காரர் இதை மறந்து எதிரே வந்து நின்றார். எங்கள் டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கார் பின்னால் போனது.

மலர் என் ஒரே மகள். பல் மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டுக்கு வந்தவள், கூடப் படித்த குமரேசனைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கொட்டச்சேட்டில் குடியேறிவிட்டாள். சுற்றிலும் காப்பித் தோட்டம், தோட்டத்துக்கு நிழலாகச் சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. புருஷனும் பெண்டாட்டியும் ஏற்காடு டவுனில் பல் கிளினிக் நடத்துகிறார்கள். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள் பல் வலிக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு வருவதில்லை. கிராம்பைக் கடித்துக்கொண்டு காப்பிப்பழம் பறிக்கிறார்கள். அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று மலர் முடிவு செய்து, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லி அந்தக் கேரவனைச் செய்து வாங்கியிருந்தாள்.

வெள்ளை நிறம், இரண்டு சக்கரம். உள்ளே பல் நாற்காலி, மேலே விளக்கு, மூலையில் கைகழுவும் தொட்டி. பின்பக்கம் கதவும், நோயாளிகள் ஏறிப்போக அகலமான இரும்புப் படியும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தன. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. தனக்கென்று எஞ்சின் இல்லாததுதான் குறை.

போன மழைக்குப் பிறகு வெள்ளக்கடைக் கிராமத்தில் முதல் முகாம் என்று சொல்லி, ஒரு வாடகைக் காரைப் பிடித்துக் கட்டி இழுத்திருக்கிறார்கள். பாதி ஏற்றத்தில் கிளட்ச் கருகிவிட்டது. வெள்ளக்கடையில் ஜனங்கள் சாயங்காலம் வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டுக் கலைந்துபோனார்கள். இப்போது மறுபடியும் இந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக மலர் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

“இந்தத் தடவையும் போய்ச் சேரலேன்னா, அப்புறம் நான் எங்க கூப்பிட்டாலும் யாரும் வர மாட்டாங்கப்பா,” என்றாள். “அவங்க இடத்துல நான் இருந்தாலும் வர மாட்டேன்.”

மறுநாள் காலையிலேயே சோதனையைத் தொடங்கினேன். முதலில் மாப்பிள்ளையின் கார். உயரமான, பளபளப்பான கார். குமரேசன் அதைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மாமா, இதுல பவர் நொம்ப அதிகமுங்க.”

“பவர் எஞ்சின்ல இருக்கு மாப்பிள்ளை. மண்ணப் புடிக்கிறது டயரு.”

அது முன்சக்கரங்கள் இழுக்கும் கார். கேரவனின் மூக்கு காரின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தும்போது முன்பக்கம் லேசாகிவிடும். லேசான சக்கரம் செம்மண் ஏற்றத்தில் என்ன செய்யும்? வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் அந்தச் சின்னச் சரிவில் நின்ற இடத்திலேயே சுற்றி, என் வேட்டியில் மண்ணை வாரி அடித்தது. குமரேசன் முகம் வாடிவிட்டது. ரோடு வேறு, மலை வேறு என்று அவரைத் தேற்றினேன்.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் சடையன். என் வயதுதான் இருக்கும். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் ராகியும் ஆரஞ்சும் காப்பியும் போடுகிறது.

“ஏனுங்க மலேசியாக்காரரே, நம்ம ஊட்டு டிராக்டர் சும்மாதானுங்க நிக்குது,” என்றார்.

டிராக்டர் இழுத்தது. அது எதைத்தான் இழுக்காது? ஆனால் அதன் கொக்கி உயரத்தில் இருந்ததால் கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தபடி போனது. ஒவ்வொரு கல்லுக்கும் உள்ளே ஏதோ உருண்டது. ரோட்டு வளைவில் நிறுத்திக் கதவைத் திறந்தால், நாற்காலியின் ஒரு கை கழன்று தொங்கியது. பல் பிடுங்கும் குறடு கைகழுவும் தொட்டிக்குள் கிடந்தது.

சடையன் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல கூட்டிக்கிட்டுப் போனா வழியிலயே பல்லு தானா உழுந்துருமுங்க. டாக்டருக்கு வேலை மிச்சம்,” என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

அன்றைக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்போம். நான் பசியாறிவிட்டேன் என்று சொல்லியும் விடவில்லை. ராகிக் களியை உருண்டையாகத் தட்டில் வைத்து, நடுவில் குழி செய்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினார்கள். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அறுபது வருடமாக மென்று சாப்பிட்டுப் பழகிய வாய் அல்லவா, சிரமப்பட்டது. இரண்டாவது உருண்டையில் தேறிவிட்டேன். இன்னொரு விஷயம், காப்பி விளைகிற இந்த ஊரில் கடைக்குப் போனால் எல்லோரும் டீ குடிக்கிறார்கள். ஈப்போ கோப்பியில் வளர்ந்த நான் மட்டும்தான் காப்பி கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

வியாழக்கிழமை டவுனுக்குப் போனோம். காப்பி வியாபாரி ஒருவர் தன் பிக்கப்பை விற்றுவிடப் போவதாகக் குமரேசனுக்குத் தகவல் வந்திருந்தது. முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் சரக்குப் பெட்டி, கனமான அடிச்சட்டம், நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து நிறுத்தலாம். கேரவனைவிடக் கனமான வண்டி என்பது முக்கியம். கனமானதை லேசானது இழுத்தால், இறக்கத்தில் யார் யாரை ஓட்டுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், எழுந்து பார்த்தேன், தள்ளிப் போய் நின்று பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“இதுதானாப்பா?” என்றாள் மலர்.

“இதேதான்.”

சோதித்துப் பார்க்க இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று வியாபாரி சாவியைக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் ஏரிக்கரையில் ஆளுக்கொரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றோம். குளிருக்கும் காரத்துக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி பஜ்ஜிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. “உங்கம்மாகிட்ட இருந்தா மட்டும் புடுங்குவீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. பையன் பஜ்ஜியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுச் சுமையோடு ஒத்திகை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னென்ன போகுமோ அத்தனையையும் ஏற்றச் சொன்னேன். பிக்கப்பின் சரக்குப் பெட்டியில் தண்ணீர் டிரம்களும் ஜெனரேட்டரும், பின் சீட்டு முழுக்க மருந்துப் பெட்டிகளும் இருந்தன. நான் ஓட்ட, மலர் பக்கத்தில். குளிராக இருந்ததால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். வெள்ளக்கடைப் பாதையில் பிக்கப் அருமையாக ஏறியது. பினாங்கு ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டிய காலத்துக்கே போய்விட்டேன். மலருக்கு ஒரு பழைய பாட்டுகூடப் பாடிக் காட்டினேன்.

ஒரு எஸ்டேட் கேட்டைத் தாண்டி ஏற்ற வளைவில் வேகத்தைக் குறைத்துத் திரும்பினேன். அதன்பிறகு வண்டி சரியில்லை. கேரவன் நாயின் வால் மாதிரி ஆட ஆரம்பித்தது. பிக்கப்பின் பின்பக்கம் மேலே தூக்கியது, பின்சக்கரம் மண்ணில் வழுக்கியது. கொக்கி விட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

கேரவனின் பின்படியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, காப்பிப்பழம் பறித்துத் திரும்பும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு மூட்டை. நன்றாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. முன்னால் நின்ற அம்மாள் என்னைப் பார்த்து, “ஏனுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பிறகு திறந்தபோது கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டது. யாரைக் கேட்டு ஏறினீர்கள், சக்கரத்துக்குப் பின்னால் இவ்வளவு பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளாதா, வண்டி உருண்டால் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டேன்.

“ட்ரெய்லருன்னா ஏறுறதுதானுங்களே,” என்றார் அந்த அம்மாள் அமைதியாக. “கேட்டுட்டு ஏறலாம்னுதான் கையக் காட்டினோம். நீங்க கண்ணாடிய ஏத்தி உட்டிருந்தீங்க.”

மற்றொருவர், “அப்ப முன்னால ஏறிக்கட்டுங்களா?” என்று கேட்டார். முன்னால் எங்கே இடம்? டிரம்மும் ஜெனரேட்டரும் மருந்துப் பெட்டியும்தான் உட்கார்ந்திருந்தன. இல்லை என்று சொன்னேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி, எங்களைத் தாண்டி நடந்து போனார்கள். கோபித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மலர் கேரவனின் மறுபக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, உங்ககிட்டப் பேசினாங்களே, அவங்க பழனியம்மா. போன தடவ கன்னம் வீங்கி வெள்ளக்கடையில சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தது அவங்கதான். ஞாயித்துக்கிழமைக்குக் கண்டிப்பா வாங்கன்னு போன வாரம்தான் கையப் புடிச்சுச் சொல்லிட்டு வந்தேன்.”

“அந்தப் படியக் கழட்டிடலாம். அப்ப யாரும் ஏற முடியாது.”

“படியக் கழட்டினா யாரும் ஏற முடியாதுதான். நோயாளியும்தான்.”

வீடு வந்ததும் மருந்துப் பெட்டிகளை என்னைத் தொடவிடாமல் அவளே இறக்கினாள். அவளுக்குக் கோபம் வந்தால் அவள் அம்மாவைப் போலத்தான், வேலையில் காட்டுவாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இத்தனைக்கும் வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாதே என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை சடையனிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“இங்க பஸ்ஸு எப்ப வரும்னு பஸ்ஸுக்கே தெரியாதுங்க. மூட்டையோட நிக்கிறவங்கள உட்டுப்போட்டு வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனா, அடுத்த வளைவுல நம்மள யாருங்க தள்ளி உடுவாங்க? அதனால ஏத்திக்குவோம். ஏத்திக்குவாங்கன்னு அவங்களும் ஏறிக்குவாங்க.”

“ஏறட்டும். பின்னால ஏறினா கேரவன் தூக்குதே.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. பின்னால் ஏறினால்தானே தூக்கும்? முன்னால் ஏறினால்? வெறும் லாரி மழையில் வழுக்கும், பாரம் ஏற்றிய லாரி வழுக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமா? இழுக்கிற வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே ஆட்கள் உட்கார்ந்தால், அந்தப் பாரமே சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கும். ஆக எனக்கு வேண்டியது பலமாக இழுக்கும் வண்டி மட்டுமல்ல, ஆள் உட்கார இடமுள்ள வண்டி. இத்தனை நாளும் வண்டியைத்தான் பார்த்தேன், ரோட்டில் நிற்கிறவர்களைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

“பெஞ்சு போட்ட வண்டி எங்க கிடைக்கும்?” என்றேன்.

சடையன் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு கொட்டகையைக் காட்டினார். டிராக்டருக்குப் பின்னால் நீளமான பழைய ஜீப் ஒன்று நின்றது. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நான்கு சக்கரமும் இழுக்கும், செங்குத்து ஏற்றத்துக்கென்று தனியாக ஒரு குட்டிக் கியர் கம்பி. பெயின்ட் மட்டும் போய்விட்டது. அன்று முழுவதும் குமரேசனும் நானும் அதன் பிரேக்கைப் பிரித்துப் பூட்டினோம், கொக்கியைக் கேரவனின் உயரத்துக்கு இறக்கினோம். பிக்கப் வியாபாரியிடமே திரும்பிப் போனது. டிரம், ஜெனரேட்டர் எல்லாம் மாப்பிள்ளையின் காருக்கும் ஒரு ஆட்டோவுக்கும் மாறின. ஒரு வழியாகத் தன் காருக்கும் வேலை வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியைப் பார்த்துச் சூடம் காட்டினோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் ஒரு தகராறு வந்தது. ஜீப்புக்கு நான்கு போதும் என்றேன் நான். கேரவனும் வண்டிதான், அதற்கும் இரண்டு வேண்டும் என்றார் சடையன். மலர் உள்ளே போய் இரண்டு எடுத்து வந்தாள். நான் ஓட்ட, சடையன் பக்கத்தில் உட்கார, மலரும் குமரேசனும் பின்னால் காரில் வந்தார்கள்.

பெஞ்சுகள் காலியாக இருந்தன. பனியில் நனைந்த செம்மண்ணில் முதல் ஏற்றத்திலேயே சக்கரம் கொஞ்சம் வழுக்கியது. பக்கக் கண்ணாடியில், பின்னால் காரிலிருந்து எட்டிப் பார்க்கும் மலரின் முகம் தெரிந்தது. நான் அதைப் பார்க்காமல் ஓட்டினேன். திருப்பத்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நிறுத்தினேன். ஏறினார்கள். அடுத்த எஸ்டேட் கேட்டில் நான்கு பேர். அதற்கடுத்த கேட்டில் கன்னத்தைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு பழனியம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கேரவனின் படியை ஒரு பார்வை, ஜீப்பின் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார்.

“முன்னால ஏறிக்கங்கம்மா,” என்றேன்.

“ஏறிக்கறனுங்க,” என்று ஏறிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வழுக்கிய அதே வளைவில் ஜீப் மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறியது. நான் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தேன்.

வெள்ளக்கடை மைதானத்தில் ஒரு நாயும், மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவரும் தவிர யாரும் இல்லை. மலர் காரிலிருந்து இறங்கி நின்று நாலா பக்கமும் பார்த்தாள்.

“யாருமே வரலப்பா,” என்றாள். வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன், ஆட்களைக் கொண்டுவர முடியவில்லையே.

சடையன் ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். பெண்களும் இரண்டு ஆண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சேலையை உதறிக்கொண்டார்கள். பிறகு வேறெங்கும் போகாமல், நேராகக் கேரவனின் படிக்குப் பக்கத்தில் போய் வரிசையாக நின்றார்கள்.

மலருக்குப் புரியவில்லை. “நீங்க எல்லாரும் முகாமுக்கா வந்தீங்க?” என்று கேட்டாள்.

“பின்ன எங்கீங்க கண்ணு போவோம்?” என்றார் பழனியம்மா. “போன தடவ இங்க வந்து காத்துக் கெடந்தோம், வண்டி வரல. இந்தத் தடவ வண்டி வர்ற வழியிலயே நின்னுக்கலாம்னுட்டோம். வந்தா ஏறிக்கலாம். வராட்டி ஊடு பக்கத்துலதான், திரும்பிப் போயிரலாம். வெள்ளிக்கெழம எங்கள எறக்கி உட்டாரே இவரு, வண்டி ஓடுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சுங்க.”

வரிசையில் நின்ற ஒரு பெண் ஏற்கெனவே போனில் பேசிக்கொண்டிருந்தார். “வந்துட்டாங்க. நெசமாலுந்தான். நீ கேட்டுக்கிட்ட வந்து நில்லு, ஜீப்பு வரும்.” என்னைத் திரும்பிப் பார்த்து, “வருமுங்களா?” என்று கேட்டார். வரும் என்றேன்.

கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டு அன்று முழுவதும் நானும் சடையனும் ஜீப்பை ஓட்டினோம். எஸ்டேட் கேட்டில் ஏற்றுவதும் மைதானத்தில் இறக்குவதுமாகப் பொழுது போனதே தெரியவில்லை. இந்த ஊரில் இறங்க வேண்டிய இடம் வந்தால் வண்டியின் பக்கத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். எங்கள் ஊரில் மணி அடிப்போம். தட்டுவது நன்றாக இருக்கிறது, தட்டுகிற கை யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. கேரவனுக்கு உள்ளே என்ன நடந்தது என்று நான் பார்க்கவே இல்லை. வாயில் பஞ்சோடு இறங்கி வருகிறவர்களை மட்டும் பார்த்தேன்.

வெயில் சாய்ந்ததும் கேரவனைத் திரும்பக் கட்டினோம். கடைசிச் சுற்றுக்காரர்கள் பெஞ்சில் ஏறிக்கொண்டார்கள். மலர் காரை நோக்கி நடந்தாள். நிற்க முடியாத களைப்பு அவளுக்கு. ஊருக்குப் போகாமல் நாளெல்லாம் வரிசையைக் கவனித்துவிட்டு, கடைசி ஆளாகப் பல் பிடுங்கிக்கொண்ட பழனியம்மா, மரத்துப்போன கன்னத்தோடு பேச வராமல், தனக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டினார். மலர் திரும்பி வந்தாள். பிறகு ஏறி, அந்தப் பெண்களுக்கு நடுவே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். முதல் வளைவு வருவதற்குள் பழனியம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஒவ்வொரு கேட்டாக ஆட்கள் இறங்கினார்கள். பழனியம்மாவின் எஸ்டேட் வந்தது. யாரும் வண்டியைத் தட்டவில்லை. சடையன் திரும்பிப் பார்த்து, “உங்க ஊடு வந்துருச்சுங்களே,” என்றார். பழனியம்மா அசையவில்லை. தோளில் கிடந்த முகத்தைக் கண்ணால் காட்டி, போங்க என்று கையை ஆட்டினார்.

அவரைக் கொட்டச்சேடு வரை கூட்டிக்கொண்டு போய், கேரவனைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஜீப்பில் திரும்பக் கொண்டுவந்து விட்டேன்.